நாலு வருஷமா வீட்டுல ஃப்ரூட் கர்ட் செய்றேன், என் அனுபவம்

பேர்ல கர்ட்னு இருக்கேன்னு தயிர்னு நினைச்சுடாதீங்க, இது பால உறைய வச்சு செய்றது இல்ல. பழச்சாறு, முட்டை, சர்க்கரை, வெண்ணெய் இந்த நாலையும் சேர்த்து மெதுவா சூடு பண்ணி கெட்டியாக்குற ஒரு ஸ்ப்ரெட் இது. பிரெட்ல தடவலாம், கேக் நடுவுல வைக்கலாம், டார்ட்ல ஊத்தலாம், எதுவும் இல்லாட்டி ஸ்பூன்ல எடுத்து அப்படியே சாப்பிடலாம், நான் பாதி அப்படித்தான் சாப்பிடுறேன். நாலு வருஷமா மாசத்துக்கு ஒன்னு ரெண்டு தடவையாவது செஞ்சுட்டு இருக்கேன், லெமன்ல ஆரம்பிச்சு கைல கிடைச்ச பழம் எல்லாத்துலயும் பண்ணி பாத்தாச்சு, அதுல எது நின்னுச்சு எது நிக்கலனு எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

முதல் ஆறு மாசம் எனக்கு கஷ்டமாதான் இருந்துச்சு. ஒரு தடவ வழவழன்னு வரும், அடுத்த தடவ அதே அளவு அதே பாத்திரம், ஆனா உள்ள முட்டை பொரியல் மாதிரி துணுக்கு துணுக்கா நிக்கும். காரணம் ஒன்னே ஒன்னுதான், சூடு. மஞ்சக்கரு தனியா இருந்தா 65 டிகிரி கிட்டயே கெட்டியாக ஆரம்பிச்சுடும், சர்க்கரையும் சாறும் கலந்துட்டா அது இன்னும் கொஞ்சம் மேல போய்தான் கெட்டியாகும். அந்த கொஞ்சம் மேலங்கறது எங்கன்னு கண்ணால கண்டுபிடிக்க முடியாம அடுப்பு முன்னாடி நின்னு, இன்னும் கெட்டியாகலையேன்னு தீய கூட்டிடுவேன், கூட்டின அரை நிமிஷத்துல திரிஞ்சுடும்.

அப்புறம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கினேன். இந்த நாலு வருஷத்துல கர்ட்டுக்காக வாங்கினதுல உருப்படியான பொருள் எதுன்னு கேட்டா அதான். 76, 77 டிகிரி வந்ததும் இறக்கிடுறேன், 80 தாண்ட விடுறதே இல்ல. முட்டை சேர்ந்த சமையலுக்கு பாதுகாப்பான சூடுன்னு சொல்றது 71 டிகிரி, அதையும் தாண்டிடுறோம்ங்கறதால சின்ன பிள்ளைங்களுக்கு குடுக்கும்போது மனசுல பயம் இல்ல. தெர்மாமீட்டர் இல்லன்னா ஸ்பூன் பின்பக்கம் பாருங்க, கர்ட் படிஞ்சு நிக்கணும், விரலால ஒரு கோடு போட்டா ரெண்டு பக்கமும் வழிஞ்சு மூடிக்காம அந்த கோடு அப்படியே இருக்கணும். இன்னொரு விஷயம், சூடா இருக்கும்போது அது தண்ணியாதான் தெரியும். ஆறினதும் வெண்ணெய் இறுகும், அப்பதான் உண்மையான கெட்டி தெரியும். சூட்லயே ஜாம் மாதிரி வரட்டும்னு காத்துட்டு இருந்தா கெட்டுதான் போகும், நான் முதல்ல கெடுத்தது பாதி இதாலதான்.

இப்ப நான் செய்ற அளவு: எலுமிச்சை சாறு 120 மில்லி, சர்க்கரை 150 கிராம், மஞ்சக்கரு 4, முழு முட்டை 1, உப்பில்லாத வெண்ணெய் 80 கிராம், ரெண்டு எலுமிச்சையோட தோல் துருவல், ஒரு சிட்டிகை உப்பு. 400 கிராம் பாட்டில் ஒன்னு நிறையும். முழு முட்டை மட்டும் போட்டும் செய்யலாம், வரும், ஆனா வெள்ளைக்கரு கூடினா ஒரு முட்டை வாடை லேசா வருது, எனக்கு அது பிடிக்கல. வெறும் மஞ்சக்கருன்னா ரொம்ப கனமா நாக்குல ஒட்டுது. நாலுக்கு ஒன்னுன்னு வந்து நிக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

துருவும்போது மேல இருக்க மஞ்சள் தோல மட்டும் எடுங்க, கீழ வெள்ளையா இருக்கறது கசக்கும். துருவல சர்க்கரைல போட்டு விரலால நல்லா தேய்க்கணும், சர்க்கரை ஈரமாகி வாசனை தூக்கும், தோல்ல இருக்க எண்ணெய்தான் அந்த வாசனையே, சாறுல பெருசா இல்ல. அதுக்கப்புறம் முட்டைய சேர்த்து உடனே அடிக்கணும். மஞ்சக்கரு மேல சர்க்கரைய கொட்டிட்டு போன் பேச போயிட்டா அது ஈரத்தை இழுத்து குட்டி குட்டியா கட்டி தட்டிடும், அப்புறம் எவ்ளோ அடிச்சாலும் கரையாது. சாறும் அப்படித்தான், சேர்த்துட்டு கிண்ணத்த அப்படியே வச்சுட்டு போகக்கூடாது, சேர்த்ததும் அடுப்புக்கு போயிடணும்.

அடுப்புல நேரா வைக்காம, ஒரு பாத்திரத்துல தண்ணி லேசா கொதிக்க விட்டு அதுக்கு மேல கிண்ணம் வச்சு ஆவில செய்றேன். கிண்ணத்தோட அடி தண்ணில படக்கூடாது. பத்து நிமிஷத்துல இருந்து பதினஞ்சு நிமிஷம் ஆகும், அவ்ளோ நேரமும் கிண்டிட்டே இருக்கணும், இதுல குறுக்கு வழி எனக்கு கிடைக்கல. மைக்ரோவேவ்ல நிமிஷத்துக்கு ஒரு தடவ எடுத்து கிளறி செஞ்சு பாத்தேன், வேகமா வருது, ஆனா ஓரம் ஒரு சூடு நடு ஒரு சூடுன்னு இருக்கறதால ஓரத்துல அங்கங்க திரியுது, அதனால விட்டுட்டேன். விஸ்க் விட சிலிகான் ஸ்பேட்டுலா நல்லா வேலை செய்யுது, கிண்ணத்தோட அடியையும் ஓரத்தையும் வழிச்சு எடுத்துட்டே இருக்கலாம், முதல்ல வேகுறது அங்கதான். இறக்கின கையோட வடிகட்டிடணும், துருவலும் முட்டைல இருக்க வெள்ளை நூல் மாதிரி இருக்கறதும் அதுல நின்னுடும். வெண்ணெய கடைசியா, அடுப்ப விட்டு இறக்கின பிறகு, துண்டு துண்டா போட்டு கலக்குறேன், அந்த குளிர்ச்சில கர்ட்டோட சூடும் இறங்கிடும்.

பாத்திரத்துல ஒரு எச்சரிக்கை. அலுமினியம் வேணாம், புளிப்பு அதோட சேர்ந்து ஒரு உலோக ருசி வந்துடும், நிறமும் சாம்பல் பூத்த மாதிரி ஆயிடும். அப்படி ஒரு பேட்ச் முழுசா கொட்ட வேண்டி வந்துச்சு. ஸ்டீல் இல்லன்னா கண்ணாடி.

சரி, பழத்துக்கு வரேன், எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதான். ஆரம்பத்துல இனிப்பான பழமா தேடினேன், பழம் எவ்ளோ இனிப்போ கர்ட் அவ்ளோ நல்லா இருக்கும்னு நினைப்பு. அது தலைகீழ். சர்க்கரையும் வெண்ணெயும் மஞ்சக்கருவும் ஏற்கனவே நிறைய இருக்கு, அத்தனையையும் கிழிச்சுட்டு வெளிய வர புளிப்பு இருந்தாதான் பழம் இருக்கறதே தெரியும். மாம்பழம் மட்டும் போட்டு செஞ்சேன், வாசனை அருமை, வாய்ல வச்சா வெறும் திகட்டல். இப்ப 200 கிராம் மாம்பழ கூழுக்கு 60 மில்லி எலுமிச்சை சாறு சேர்த்து சர்க்கரைய பாதியா குறைச்சு செய்றேன், அது வேற லெவல். ஆரஞ்சும் அப்படித்தான், சாறு அப்படியே போட்டா நீர்த்துப் போகுது, 300 மில்லிய 100 ஆகுற வரைக்கும் சுண்ட வச்சு ஆற வச்சு கொஞ்சம் எலுமிச்சை விடணும்.

பேஷன் ஃப்ரூட் எதுவும் கேட்காது, அதுவே புளிப்பு அதுவே வாசனை, கடைசில ஒரு ஸ்பூன் விதை கலந்து விட்டா பாக்கவும் அழகு. என்னை ஒரே ஒரு பழத்துல மட்டும் கர்ட் செய்ய சொன்னா லெமன விட்டுட்டு இதத்தான் எடுப்பேன், லெமன் பிரியர்கள் கோச்சுக்காதீங்க. ராஸ்பெர்ரி நல்லா வந்துச்சு, ஸ்ட்ராபெர்ரி ருசி சுமார், நிறம் இன்னும் சுமார், சிவப்பும் மஞ்சக்கரு நிறமும் கலந்து மங்கலா ஒரு செங்கல் நிறம் வருது.

அன்னாசில ரெண்டு தடவ தோத்தேன், ரெண்டு தடவையும் தண்ணியாவே நின்னுச்சு. வேகவைக்காத அன்னாசில புரோமலைன்னு ஒரு என்சைம் இருக்கு, அது புரதத்த உடைக்கும், முட்டை புரதம்தானே கர்ட்ட கெட்டியாக்குறது, அதையே அது தின்னுடுது. மூணாவது தடவ சாற தனியா அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு ஆற வச்சு பண்ணேன், சூட்ல அந்த என்சைம் செத்துடும், ஒழுங்கா இறுகிடுச்சு. கிவி, பப்பாளிலயும் இதே மாதிரி என்சைம் இருக்கு, அதுக்கும் இதே வழிதான்.

கார்ன்ஃப்ளார் போடலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. போட்டா முட்டை அவ்ளோ சீக்கிரம் திரியாது, பயம் இல்லாம சூடு பண்ணலாம், கேக் நடுவுல வைக்க வழியாம நிக்கும். ஆனா போட்டா கொதி வர வரைக்கும் விடணும், மஞ்சக்கருல மாவுச்சத்த உடைக்கிற ஒரு என்சைம் இருக்கு, அரைகுறை சூட்ல விட்டா அடுத்த நாள் ஃப்ரிட்ஜ்ல நீர்த்துப்போய் கிடக்கும். ருசில எனக்கு ஒரு மாவுத்தன்மை தெரியுது, ஸ்பூன்ல சாப்பிடுற கர்ட்டுக்கு போடவே மாட்டேன்.

திரிஞ்சுட்டா உடனே தூக்கி போடாதீங்க. லேசா துணுக்கு தெரிய ஆரம்பிச்சதுமே கிண்ணத்த ஐஸ் தண்ணில வச்சு கிளறி, வடிகட்டி, ஹேண்ட் பிளெண்டர் ஒரு ஓட்டு ஓட்டுங்க, பெரும்பாலும் மீண்டுடும். நிறைய வெந்துட்டா மட்டும் முட்டை ருசி போகாது.

ஊத்தினதும் மேல பிளாஸ்டிக் ராப் ஒட்டின மாதிரி வச்சா ஆடை படியாது. சுத்தமான கண்ணாடி பாட்டில்ல ஃப்ரிட்ஜ்ல ரெண்டு வாரத்துக்குள்ள முடிச்சுடுறேன். ஜாம் மாதிரி வெளிய வைக்கிற பொருள் இல்ல இது, முட்டையும் வெண்ணெயும் இருக்கு, மறந்துடாதீங்க. ஃப்ரீசர்ல மாசக்கணக்கா இருக்கும், சர்க்கரை நிறைய இருக்கறதால கல்லு மாதிரி இறுகவும் இல்ல, முந்தின நாள் ராத்திரி எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சா காலைல புதுசா செஞ்ச மாதிரியே இருக்கு. பழ சீசன்ல நாலு பாட்டில் செஞ்சு உள்ள தள்ளிடுவேன்.

மிஞ்சுற வெள்ளைக்கருவ என்ன பண்றதுன்னு ரொம்ப நாள் தெரியல. இப்ப ஐஸ் ட்ரேல குழிக்கு ஒன்னுன்னு ஊத்தி ஃப்ரீசர்ல வைக்கிறேன், ஒரு ஆறு சேர்ந்ததும் எடுத்து உருக விட்டு பாவ்லோவா, அதாவது வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடிச்சு சுடுற இனிப்பு, சுட்டுடுவேன், அது நல்லா ஆறினதும் மேல பேஷன் ஃப்ரூட் கர்ட்ட தாராளமா ஊத்தி அன்னிக்கே சாப்பிட்டுடணும், நேரம் ஆனா அடி நமுத்துடும்.