கடை லைசென்ஸ் எந்த மேசையில் முடிவாகிறது? டிபிகேஎல், எம்பிபிபி சேவைகள் பற்றி ஒரு மதிப்பீடு

மலேசியாவில் கடை நடத்த ஊராட்சி மன்றத்தின் லைசென்ஸ் வேண்டும். கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல்லின் இணைய லைசென்ஸ் சேவை, விண்ணப்பத்தை வாங்குவதில் சுறுசுறுப்பு. மறுத்தால் ஏனென்று சொல்வதில் ஊமை. பினாங்குத் தீவின் மாநகர் மன்றமான எம்பிபிபியில் கேட்டு விசாரிக்க ஒரு மன்ற உறுப்பினராவது கிடைப்பார். மற்றபடி இரண்டும் ஓடுவது ஒரே தண்டவாளத்தில்தான்.

ஊமையாக இருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஊராட்சி மன்றச் சட்டம் 1976, பிரிவு 107-ஐப் படித்துப் பாருங்கள். மன்றம் எந்த நிபந்தனையும் விதிக்கலாம். காரணம் சொல்லாமல் மறுக்கலாம். கொடுத்த லைசென்ஸைக் காரணம் சொல்லாமல் பறிக்கலாம். பறித்தால் நஷ்டஈடு கிடையாது. லைசென்ஸின் ஆயுள் மூன்று ஆண்டைத் தாண்டக் கூடாது. கோலாலம்பூரில் பொதுவான வணிகத்துக்கும் உணவகத்துக்கும் தனித்தனியாக உள்ள துணைச் சட்டங்கள் 2016-இல் வந்தவை. அவை நிற்பது இந்த 107-இன் மேல்தான்.

முடிவெடுப்பவர் யார் என்பதில் இரண்டு ஊருக்கும் வேறுபாடு உண்டு. கோலாலம்பூரில் கவுன்சிலர்களே இல்லை. அதிகாரம் டத்தோ பண்டார் (மேயர்) பெயரில், வேலை அதிகாரிகள் கையில். பினாங்கில் மேயரோடு 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். அவர்கள் மாநில அரசு நியமிப்பவர்கள். ஊராட்சித் தேர்தல் 1965-இல் நின்றது நின்றதுதான், ஆகவே யாரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள் அல்லர். இருந்தும், கிடப்பில் கிடக்கும் ஃபைலைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் இருப்பது பினாங்கில் லாபம்.

இனி சேவை நடக்கும் விதம். லைசென்ஸ் இலாகா தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. ஆபத்து குறைந்த வகை, அதாவது துணிக்கடை, புத்தகக்கடை, சாதாரண அலுவலகம் போன்றவை, தாள்கள் சரியாக இருந்தால் இழுபறி இல்லாமல் போய்விடும். உணவகம், மாவு மில், பட்டறை, பாலர் பள்ளி என்று வந்தால் விண்ணப்பம் கட்டடப் பிரிவு, திட்டப் பிரிவு, சுகாதாரப் பிரிவு, பொம்பா (தீயணைப்புத் துறை) என்று சுற்றும். ஒவ்வொருவரும் எழுதித் திருப்பும் பதில் ஒன்று ‘டிசோக்கோங்’ (ஆதரிக்கிறோம்), இல்லையேல் ‘திடாக் டிசோக்கோங்’ (ஆதரிக்கவில்லை). பின்னதில் ஒன்று விழுந்தாலே ஃபைல் படுத்துவிடும். விண்ணப்பதாரரோ லைசென்ஸ் முகப்பில் நின்று வாதாடிக்கொண்டிருப்பார். தடை போட்ட மேசை வேறு மாடியில் இருக்கும். அங்கே போய்க் கேட்டால்தான் விஷயம் தெரியும்.

அதிகமாக அடிவாங்குவது கட்டடத்தின் பயன்பாடு. வீடாக அனுமதி பெற்ற கட்டடத்தில் அலுவலகம், அலுவலகமாக அனுமதி பெற்ற மேல்மாடியில் உணவகம், கடையை நடுவில் பலகை அடித்துப் பிரித்து இரண்டு வாடகைதாரர் என்பவைதான் வழக்கமான கதைகள். பயன்பாட்டை மாற்றுவதே சட்டப்படி ‘மேம்பாடு’ ஆகும். கோலாலம்பூரில் 1982-ஆம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டத்தின் கீழும், பினாங்கில் 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழும் அதற்குத் தனி அனுமதி வேண்டும். மேல்மாடி உணவகம் என்றால் ஆள் கூட்டத்துக்கு ஏற்ற மாடிப்படி, தீ விபத்தில் வெளியேறும் வழி எல்லாம் 1984 கட்டடத் துணைச் சட்டங்களின்படி பார்க்கப்படும். கோலாலம்பூரில் 2025-இல் நடைமுறைக்கு வந்த உள்ளாட்சித் திட்டம் 2040-இல் அந்த மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே வீட்டுக்காரரிடம் மூன்று காகிதம் கேட்க வேண்டும்: கட்டட நிறைவுச் சான்றிதழ் (2007 ஏப்ரலுக்கு முந்திய கட்டடத்துக்குப் பழைய சிஎஃப், பிந்தியதற்குச் சிசிசி), ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகல், கடைசி மதிப்பீட்டு வரி பில். முன்பு அங்கே இருந்தவர் எந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வைத்திருந்தார் என்பதையும் விசாரியுங்கள். “முன்னாடி சாப்பாட்டுக் கடைதான் இருந்துச்சு” என்ற வார்த்தையை நம்பி இறங்குவது ஆபத்து. லைசென்ஸ் இல்லாமலே அவர் ஓட்டியிருக்கலாம். ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கட்டடக் குறையால் லைசென்ஸ் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்ப வேண்டும். வீட்டுக்காரர் அதற்கு மழுப்பினாலே பாதி விடை கிடைத்துவிட்டது.

ஒப்பந்தத்துக்கு முத்திரை இல்லாமல் விண்ணப்பம் நகராது. மாதம் 4,000 வெள்ளி வாடகை, 2 ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஆண்டு வாடகை 48,000. 250 வெள்ளிக்கு 3 வெள்ளி வீதம் முத்திரை வரி 576 வெள்ளி. முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025 முதல் இல்லை. பழைய கணக்குப்படி பணம் ஒதுக்கியவர்கள் இங்கே சற்று உதைபடுகிறார்கள்.

தாள்களில் சறுக்கும் இடம் பெரும்பாலும் பெயரும் முகவரியும்தான். எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனப் பெயரில், வாடகை ஒப்பந்தம் இயக்குநரின் சொந்தப் பெயரில். பதிவில் வீட்டு முகவரி, விண்ணப்பத்தில் கடை முகவரி. எஸ்எஸ்எம்மில் எழுதிய தொழில் ‘ஜவுளி’, லைசென்ஸ் கேட்பது ‘உணவகம்’. மூன்றுமே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பப் போதும். தனிநபர் வணிகமென்றால் சொந்தப் பெயருக்கு ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயருக்கு 60. கிளை முகவரி சேர்க்க 5 வெள்ளிதான். அந்த ஐந்து வெள்ளியை மிச்சம் பிடித்து வாரக்கணக்கில் அலைவதில் அர்த்தமில்லை. எஸ்எஸ்எம் பதிவையே லைசென்ஸ் என்று நினைத்துக் கடை திறப்பவர்களும் இன்னும் இருக்கிறார்கள். அது வணிகம் இருப்பதற்கான பதிவு மட்டும். அந்த இடத்தில் நடத்துவதற்கான அனுமதி அல்ல.

உணவகம் தனி உலகம். சமையல்காரர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர் என்று உணவைத் தொடும் எல்லாருக்கும் உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்றிதழும் டைஃபாய்டு ஊசியும் வேண்டும். ஊசி மூன்றாண்டுக்கு ஒருமுறை. 2009 உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி சுகாதார அமைச்சில் கடையைப் பதிவது வேறு, மன்றத்தின் லைசென்ஸ் வேறு. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்பது தவறு. சுத்தம் மோசமாக இருந்தால் 1983 உணவுச் சட்டம் பிரிவு 11-இன் கீழ் அமைச்சு கடையை 14 நாள் வரை மூடலாம், லைசென்ஸ் கையில் இருந்தாலும்.

ஆய்வுக்கு வருபவர் பார்க்கும் இடங்களில் எண்ணெய்ப் பொறி, அதாவது கழிவுநீரில் வரும் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் பெட்டி, முக்கியமானது. கழுவுதொட்டிக்கு அடியில் வைக்கும் சின்னப் பெட்டி ஒரு தொட்டிக்குத்தான் தாங்கும். மூன்று தொட்டிகளை அதில் இணைத்தால் தண்ணீர் நிற்க நேரமில்லாமல் எண்ணெயோடு கால்வாய்க்கு ஓடிவிடும். வெந்நீரும் சோப்பும் சேர்ந்தால் எண்ணெய் கரைந்த மாதிரி ஆகிப் பொறியைக் கடந்துவிடும். பிறகு குழாயில் குளிர்ந்து உறையும். வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் இன்னொரு சிக்கல், சோறு. பருக்கைகள் பொறிக்குள் இறங்கிப் புளித்து நாறும். பொறிக்கு முன்னால் சல்லடைக் கூடை வைத்து, பாத்திரத்தைக் கழுவும் முன் வழித்துப் போட்டால் பாதித் தொல்லை தீரும். பொறியின் மூடியைத் திறக்க முடியாதபடி மேலே அலமாரி கட்டிவைப்பது ஆய்வில் உடனே கண்ணில் படும்.

பின்சந்தில் பாத்திரம் கழுவுவது, காய் நறுக்குவது, அடுப்பு போடுவது எதற்கும் லைசென்ஸில் இடமில்லை. அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) மேசை நாற்காலி போடத் தனி பெர்மிட் உண்டு. கடை லைசென்ஸ் அதைச் சேர்த்துக்கொள்ளாது. தோசைக்கல்லுக்கும் தந்தூருக்கும் மேலே இருக்கும் புகைக்கூண்டு எங்கே போய் ஊதுகிறது என்பதும் கேட்கப்படும். பக்கத்துக் கடை ஜன்னலைப் பார்த்து ஊதினால் ஒரு புகார் போதும். கூட்டம் சேர்க்க நேரடிப் பாட்டுக் கச்சேரி வைக்க நினைத்தால் கோலாலம்பூரில் 1992 கேளிக்கைச் சட்டத்தின் கீழ் வேறு லைசென்ஸ். தீயணைப்பானுக்குப் பொதுவாக 9 கிலோ ஏபிசி உலர் பொடி வகை, அதன் சோதனைத் தேதி தாண்டாமல்.

பெயர்ப்பலகையில் பலர் காசை இழக்கிறார்கள். முதலில் பலகை அடித்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்பதுதான் காரணம். வாசகம் மலாய்மொழி அமைப்பான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் சரிபார்ப்புக்குப் போய்வர வேண்டும். மலாய்மொழி முன்னால், பெரிதாக. தமிழ் எழுத்து தாராளமாகப் போடலாம், மலாய் எழுத்தைவிடச் சிறியதாக. எஸ்எஸ்எம்மில் பதிந்த கடைப்பெயர் அப்படியே இருக்கலாம். ‘உணவகம்’, ‘முடிதிருத்தகம்’ என்று தொழிலைச் சொல்லும் பகுதி மலாயில் வேண்டும். வரைவைக் கணினியில் அளவோடு போட்டு ஒப்புதல் வாங்கிய பிறகு பலகைக்காரருக்குப் பணம் கொடுங்கள்.

பினாங்கில் லெபோ பாசார், லெபோ குவின், லெபோ பினாங்கு பக்கம் கடை பார்ப்பவர்களுக்கு மேலும் ஓர் அடுக்கு. 2008-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் பகுதி, மையமும் சுற்று வளையமும் சேர்த்து ஏறத்தாழ 259 ஹெக்டர். அதற்கென்று 2016-இல் அரசிதழில் வெளிவந்த சிறப்புப் பகுதித் திட்டம் உள்ளது. சுவரை இடிப்பது, முகப்பின் நிறம், குளிரூட்டி வெளிப்பெட்டி, கூரையைத் துளைத்துப் போகும் புகைக்குழாய் எல்லாம் கேள்விக்குரியவை. தந்தூர் வைத்த உணவகத்துக்கு அந்தப் புகைக்குழாய்தான் கழுத்துப் பிடி. பழைய கடைவீடுகளில் அதற்கு வழியே இருக்காது. வரைபடக்காரரை முன்கூட்டியே கூட்டிப் போய்க் காட்டினால் நல்லது. பினாங்கில் அங்காடி (தெருவோர உணவுக் கடை) லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 2016 முதல் வெளிநாட்டவரைச் சமையலுக்கு நிறுத்த முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். உரிமம் தந்த பிறகும் நிபந்தனை தொடரும்.

லைசென்ஸை விற்க, வாடகைக்கு விட முடியாது. கடையை வாங்குபவர் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். “லைசென்ஸோட சேர்த்து விக்கிறேன்” என்று சொல்பவரிடம் வாங்கினால், வாங்கியது மேசையும் அடுப்பும் மட்டுமே.

டாக்சி ஓட்டுநர் லைசென்ஸுக்கும் மாநகர் மன்றத்தில் வந்து விசாரிப்பவர்கள் உண்டு. மன்றத்துக்கு இதில் வேலையில்லை. வாகன உரிமம் 2010 தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் அபாட் எனும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்தின் கையில், 2019-க்கு முன் எஸ்பிஏடி எனும் ஆணையத்தின் கையில். ஓட்டுநரின் பிஎஸ்வி, அதாவது பயணிகளை ஏற்றி ஓட்டும் லைசென்ஸ், ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் கையில். மன்றத்தின் பங்கு டாக்சி நிறுத்தம் கட்டுவது, தப்பாக நிறுத்தினால் அபராதம் போடுவது. பினாங்கில் திரிஷா (சைக்கிள் ரிக்‌ஷா) மட்டும் இன்னமும் எம்பிபிபியிடம். பிஎஸ்வி வழி கடை லைசென்ஸைவிடத் தெளிவு: வயது 21, மருத்துவச் சோதனைப் படிவம், அங்கீகரித்த நிலையத்தில் ஆறு மணி நேரப் பயிற்சி, குற்றப் பின்னணிச் சோதனை. இ-ஹெய்லிங் (செயலி வழி அழைக்கும் வாடகைக் கார்) ஓட்டுநர்களுக்கும் 2019 அக்டோபர் 12 முதல் இது கட்டாயம். நின்றுபோவது கட்டாத சம்மன், கறுப்புப் பட்டியல், கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் போன்றவற்றால். ஆகவே என்ன குறை என்று ஓட்டுநருக்கே தெரியும். காருக்கு இ-ஹெய்லிங் காப்புறுதி சேர்க்காமல் ஓட்டினால் விபத்தன்று தெரியும் விலை.

இங்கிலாந்தில் மது விற்கும் கடைக்கான லைசென்ஸும், லண்டனுக்கு வெளியே டாக்சி லைசென்ஸும், ஊர்க் கவுன்சிலிடம்தான். சர்ச்சையான விண்ணப்பம் என்றால் கவுன்சிலர்களின் சிறு குழு ஆளை நேரில் உட்காரவைத்துக் கேட்கிறது, முடிவுக்குக் காரணம் எழுதித் தருகிறது, பிடிக்காவிட்டால் 21 நாளில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் போகலாம். அங்கே டாக்சிக்கான சட்டமும் 1976-இல் வந்ததுதான். நம்முடைய 1976 சட்டத்தில் அந்த நாற்காலி இல்லை.

இங்கே மறுப்பு வந்தால் முதல் வேலை, எந்த இலாகா ‘திடாக் டிசோக்கோங்’ எழுதியது என்று கண்டுபிடிப்பது. பிறகு அந்த ஒரு குறையை மட்டும் திருத்தி, புகைப்படம், புதிய சான்றிதழ், வரைபடம் இணைத்து மேல்முறையீட்டுக் கடிதம் கொடுப்பது. நியாயம் கேட்டு மூன்று பக்கம் எழுதுவதைவிடத் திருத்தியதைக் காட்டும் இரண்டு படம் வேலை செய்யும். ஏஜெண்டுக்குப் பணம் கொடுத்தால் ஃபைலைத் தூக்கி நடப்பார். கட்டடத்தின் பயன்பாட்டை அவரால் மாற்ற முடியாது. இதுவும் பலிக்காமல் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்க நினைத்தால், முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். எனவே மறுப்பு வந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். கடிதமாக வந்திருந்தால் உறையையும் சேர்த்து வையுங்கள்.