செயப்படுபொருள் சொல் அட்டைகள்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

விலை குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு வாங்கலாமா என்று தோழி கேட்டதால், செயப்படுபொருளாக, அதாவது 'யாரை, எதை' என்ற கேள்விக்கு விடையாக, வரும் மூவிடப்பெயர்களை ('நான்', 'நீ', 'அவன்' போன்றவற்றை) வாக்கியத்தில் அடையாளம் காணப் பழக்கும் இந்த அட்டைத் தொகுப்பைப் பற்றி எழுதுகிறேன். தாள், அச்சு, எழுத்தின் அளவு எதிலும் குறையில்லை.

ஒவ்வொரு சொல்லும் தனி அட்டையாக இருப்பதே இதன் பெரிய பலம். 'பூனை என்னைப் பார்த்தது' என்பதை 'என்னைப் பூனை பார்த்தது' என்று மாற்றி அடுக்கினாலும் பொருள் மாறுவதில்லை என்பதைத் தன் கையால் நகர்த்திப் பார்க்கும் குழந்தை, 'இரண்டாவது சொல்தான் விடை' என்ற குருட்டுக் கணக்கைத் தானாகவே கைவிடுகிறது. அதைவிட அருமை, 'பூனை', 'என்னை' இரண்டும் ஒரே ஓசையில் முடிவது. ஐகார ஓசையை மட்டும் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் பூனையின் மேல் விரல் வைப்பார்கள், 'யாரைப் பார்த்தது?' என்று கேட்டதும் விரல் நகர்ந்துவிடும். வேற்றுமை உருபு என்ற பெயரே தெரியாத வயதில் இந்தத் தெளிவு வருவதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சிதான். 'அவன்' 'அவனை' ஆவது கண்ணுக்குத் தெரியும். 'நான்' 'என்னை' ஆவது அப்படித் தெரியாது என்பதால், இவற்றை இணை அட்டைகளாகத் தந்திருப்பதும் நல்ல யோசனை.

பொறுக்க முடியாதது 'எனக்கு' அட்டைதான். 'அப்பா எனக்குக் கதை சொன்னார்' என்ற வாக்கியத்தில் 'எனக்கு' என்பதைச் செயப்படுபொருள் என்கிறது விடைப்பட்டியல். அப்பா எதைச் சொன்னார்? கதையை. 'எனக்கு' என்பது நான்காம் வேற்றுமை. கதையைக் கேட்பவரைக் காட்டுகிறதே தவிர, செயப்படுபொருளை அன்று. 'யாரை, எதை' என்று கேட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஒரு சிறுமி, "அப்படிக் கேட்டா எனக்குன்னு வரலையே, டீச்சர்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஆனால் அச்சிட்ட விடை அவளைத் தவறென்கிறது, அச்சில் இருப்பதைத்தான் குழந்தைகள் நம்புகிறார்கள். 'உனக்கு', 'அவளுக்கு' அட்டைகளிலும் இதே பிழை. மறு அச்சிலும் திருத்தவில்லை.

அந்த அட்டைகளை எடுத்துவிட்டால் எஞ்சியவை அனைத்தும் பயனுள்ளவை, அவற்றை நான் இன்றும் வகுப்பில் பயன்படுத்துகிறேன். இருந்தாலும், விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம் என்றே தோழியிடம் சொன்னேன். வெற்று அட்டைகளில் அவளே எழுதிக்கொள்ளட்டும் என்று, பூனை வாக்கியத்தையும் அதைப் போன்ற வேறு சிலவற்றையும் அனுப்பியிருக்கிறேன்.