கிளிஞ்சல் சுட ஒரே சூடா, ஏறும் சூடா?

மண்டபம் கரையில் பொறுக்கிய கிளிஞ்சலைப் பொடித்து, சூடாக்கிக்கொண்டே எடையை அளக்கும் தெர்மோகிராவிமெட்ரியில் வைத்தால், கார்பன் டை ஆக்சைடு போகப் போக எடை குறையும். சுத்தமான கால்சியம் கார்பனேட் என்றால் 44 சதவீதம். எடை குறையும் வேகத்தை அளக்க இரண்டு வழி. ஒரே வெப்பநிலையில் பிடித்து வைத்தால் வளைவின் வடிவமே வினை நடக்கும் விதத்தைக் காட்டிக்கொடுக்கும், ஆனால் 750 டிகிரிக்கு உலை ஏறுவதற்குள்ளேயே கொஞ்சம் சிதைந்து, தொடக்கத்தைக் கோட்டைவிடுவோம். ஏறும் சூடு சீக்கிரம் முடியும். ஆனால் ஒரே ஒரு சூடேற்றும் வேகத்தில் ஓட்டிவிட்டு, வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றலான கிளர்வு ஆற்றலைச் சொல்பவரை நம்பாதீர்கள், எந்தச் சமன்பாடும் அதில் பொருந்தித் தொலைக்கும். நிமிடத்துக்கு 5, 10, 20 டிகிரி என மூன்று வேகமாவது வேண்டும். கிளர்வு ஆற்றலைக் கணக்கிட 1957-இல் கிஸ்ஸிங்கர் என்ற ஆய்வாளர் சொன்ன முறையும் பல வேகங்களைக் கேட்பதுதான். என் ஓட்டு இதற்கே. அப்புறம், பொடி சில மில்லிகிராம் போதும். குவித்தால் வெளிவரும் வாயுவே வினையை இழுத்துப் பிடிக்கும், காற்றோட்டமில்லாத காளவாயில் கிளிஞ்சல் வேகாமல் கிடப்பது போல.