பிரேக் போட்டால் ஸ்டியரிங் உதறுகிறதா? டிஸ்கோடு நிறுத்தாமல் லோயர் ஆர்ம் புஷ்ஷையும் பாருங்கள்

என் கார் லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் ஹேட்ச்பேக். பெரும்பாலும் பெங்களூரு - சேலம் நெடுஞ்சாலையில்தான் ஓட்டம். டோல்கேட் நெருங்கும்போது 90-ல் இருந்து பிரேக்கை மெல்ல மிதித்தால், 85-க்கும் 65-க்கும் நடுவே ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறும். அதற்குக் கீழே வந்தால் தானாக அடங்கிவிடும். பிரேக்கைத் தொடாமல் 100-ல் போனாலும் ஒரு ஆட்டமும் இருக்காது. அதனால் வீல் பேலன்சிங் மேல் சந்தேகம் வரவில்லை.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்ததும் "டிஸ்க் வளைஞ்சிருக்கு" என்றார்கள். டிஸ்க், பேட் இரண்டும் புதிதாகப் போட்டோம். உதறல் நின்றது. சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அதே வேகத்தில் அதே உதறல் மறுபடி வந்தது. இப்படித் திரும்பி வந்தால் அடுத்த ஜோடி டிஸ்க் வாங்கக் கிளம்ப வேண்டாம். முதலில் காரை லிஃப்டில் ஏற்றி, சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மையும், அதன் மூட்டில் இருக்கும் புஷ்ஷையும் (நடுவில் உலோகக் குழாய் வைத்த ரப்பர்) பார்க்கச் சொல்லுங்கள்.

டிஸ்க் ஒரு சுற்று முழுக்க ஒரே தடிமனாக இருப்பதில்லை. 0.01, 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், பேட் பிடிக்கும் விசை சுற்றுக்குச் சுற்று ஏறி இறங்கும். தலைமுடியைவிட மெல்லிய அளவு இது. நல்ல நிலையில் இருக்கும் புஷ் இதை விழுங்கிவிடும், கைக்கு எதுவும் தெரியாது. என் கார் அளவு டயர் 90-ல் நொடிக்குச் சுமார் 13 முறை சுற்றும். முன் சஸ்பென்ஷன் முன்னும் பின்னுமாக ஆடும் இயல்பான அதிர்வெண்ணும் பல கார்களில் அந்த ஒட்டில்தான் இருக்கிறது. புஷ் கிழிந்திருந்தால் அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. சின்னத் துடிப்பு பெரிதாகி ஸ்டியரிங்குக்கு வந்துவிடும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உதறுவது இதனால்தான்.

லோயர் ஆர்மில் இரண்டு புஷ் உண்டு. என் காரில் முன்னால் இருப்பது சிறியது, இறுக்கமானது. பின்னால் இருப்பது பெரியது, ரப்பருக்குள் இடைவெளி விட்டுச் செய்தது. பிரேக் போடும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுவதைத் தாங்குவது பெரும்பாலும் அந்தப் பெரிய புஷ்தான்.

சேலத்தில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணன் கண்டுபிடித்த விதத்தைச் சொல்ல வேண்டும். காரை மெதுவாக ரிவர்ஸ் எடுத்துச் சட்டென்று பிரேக் போட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். முன்னால் விட்டுப் பிரேக் போட்டார், மறுபடி 'டக்'. அப்புறம் லிஃப்டில் ஏற்றி, ஆர்முக்கும் அது பொருந்தும் அடிச்சட்டமான சப்ஃபிரேமுக்கும் நடுவே ராடு கொடுத்து நெம்பினார். வலது பக்கம் லேசாக அசைந்து பழைய இடத்துக்கு வந்தது. இடது பக்க ரப்பரோ நடுக்குழாயை விட்டு அரை வட்டத்துக்குப் பிரிந்து, வாய் திறந்து காட்டியது. சும்மா நிற்கும் காரில் குனிந்து பார்த்தால் அந்தக் கிழிசல் மூடியே இருக்கும். நெம்பினால்தான் தெரியும். இடது டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்ததற்கும் அங்கேயே விடை கிடைத்தது.

புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் கழற்றி மாற்றலாம். நான் இரண்டு பக்கமும் ஆர்மையே மாற்றினேன். செலவு கூடுதல்தான், ஆனால் ஆர்மின் சக்கரப் பக்க மூட்டான பால் ஜாயின்ட்டும் புதிதாகச் சேர்ந்து வந்துவிடுகிறது. ரப்பருக்குப் பதில் அதைவிட விறைப்பான பாலியூரித்தேன் புஷ் போடச் சொன்னவர்களும் உண்டு. குடும்பத்தோடு ஓடும் காருக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. சாலையின் ஒவ்வொரு பள்ளமும் உள்ளே கேட்கும்.

இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. சக்கரம் தொங்கும்போதே ஆர்ம் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கக்கூடாது. ரப்பர் நடுக்குழாயோடு ஒட்டியது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுக் காரை இறக்கினால், நின்றிருக்கும்போதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும். புது புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் முழு டார்க் (இறுக்கும் விசை) கொடுக்க வேண்டும். அண்ணன் காரைப் பிட் மேல் நிறுத்திக் கீழே இறங்கி இறுக்கினார். அதன்பின் வீல் அலைன்மென்ட் செய்தோம்.

டிஸ்க் அதேதான், கடைசல்கூடப் போடவில்லை. அன்று நின்ற உதறல், இரண்டு வருடம் தாண்டியும் 90-ல் திரும்பவில்லை. டயரும் சீராகத் தேய்கிறது. தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்குப் பின்னால் வெகுநேரம் பிரேக்கிலேயே வந்தால் மட்டும் பெடலில் சின்னத் துடிப்பு தெரிகிறது. அது டிஸ்க் சூடாவதால் வருவது. கியரைக் குறைத்து இறங்கினால் அதுவும் இல்லை.

சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஆர்மை ராடு போட்டு நெம்பிப் பார்க்கச் சொல்கிறேன். போன முறை இடது பின் புஷ்ஷில் மேலாக ஒரு கீறல் தெரிந்தது. ரப்பர் இன்னும் குழாயை விடவில்லை, அதனால் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.