22ஆர்இ பிக்கப்புக்கு 'அப்படியே மாட்டலாம்' என்று டர்போ விற்பவர்களிடம் உஷார்

வண்டி கலிபோர்னியாவில் ஓடும் 1991 டொயோட்டா பிக்கப், 22ஆர்இ இன்ஜின். "போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது, வேறு எதையும் தொட வேண்டியதில்லை" என்று ஒரு ஒர்க்‌ஷாப் 8 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) டர்போ கிட்டை, அதாவது இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சாதனத்தை, மாட்டிக் கொடுத்தது. சில வாரத்தில் இன்ஜின் படுத்துவிட்டது. கேட்டால், "பழைய இன்ஜின், நாங்கள் என்ன செய்ய?" என்று கையை விரித்தார்கள்.

சிலிண்டர் எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்டில் மூன்று சிலிண்டர்கள் 165 பிஎஸ்ஐக்கு மேல். கம்பெனிக் கணக்கு 171, குறைந்தபட்சம் 142. அப்படியென்றால் இன்ஜின் தேய்ந்ததல்ல. மூன்றாம் சிலிண்டரில் மட்டும் 85. அதன் பிளக்கில் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள், நடுநடுவே மினுங்கும் அலுமினியத் துகள். ஹெட்டைத் தூக்கிப் பிஸ்டனை வெளியே எடுத்தால், ரிங் பள்ளங்களுக்கு நடுவில் உள்ள வரப்பு உடைந்திருக்கிறது. நாக்கிங் (பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) அடித்த வேலை.

காரணம் பெட்ரோல் கணக்கு. 8 பிஎஸ்ஐ பூஸ்ட் (டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தம்) என்றால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று. பெட்ரோலும் ஒன்றரை மடங்கு வேண்டும். கிட்டில் வந்ததோ பூஸ்ட் ஏற ஏற பெட்ரோல் பிரஷரைக் கூட்டும் ஒரு ரெகுலேட்டர் மட்டும், இன்ஜெக்டர் பழையதே. பிரஷரை இரட்டிப்பாக்கினால் பெட்ரோல் இரட்டிப்பாகாது, 1.4 மடங்குதான் வரும். ஒன்றரை மடங்குக்குப் பிரஷர் 2.25 மடங்காக வேண்டும்: 38 பிஎஸ்ஐ இருந்த இடத்தில் 85க்கு மேல். முப்பது வருஷப் பம்ப்பிடம் அதைக் கேட்டால் எங்கே போகும்?

அடுத்தது ஏர் ஃப்ளோ மீட்டர். காற்று தள்ளித் திறக்கும் கதவு அது. முழுசாகத் திறந்தபின் எவ்வளவு காற்று போனாலும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இந்த வண்டியில் மீட்டரின் கறுப்பு மூடியைப் பிளேடால் அறுத்து, உள்ளே ஸ்பிரிங் சக்கரத்தைச் சில பல் தளர்த்தி, புது சிலிகானைப் பூசி மூடியிருக்கிறார்கள். தளர்த்தினால் கதவு சீக்கிரமே முழுசாகத் திறந்துவிடும். மெதுவாகப் போகும்போது பெட்ரோல் வாடை, மேடேறும்போது பெட்ரோல் பற்றாக்குறை. இதைவிடக் கெட்ட சேர்மானம் கிடையாது.

டைமிங்கை, அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தை, தொடவே இல்லை. பூஸ்டில் ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி பின்னால் இழுப்பது பொதுக் கணக்கு. அதற்குத் தனிப் பெட்டியோ புரோகிராம் செய்யும் இசியுவோ (இன்ஜின் கம்ப்யூட்டர்) வேண்டும். டொயோட்டாவே இந்த இன்ஜினுக்கு டர்போ வைத்து 22ஆர்-டிஇ என்று விற்றபோது கம்ப்ரஷன் ரேஷியோவை (சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் விகிதம்) 9.3லிருந்து 7.5க்கு இறக்கியது. அப்படியும் 135 குதிரைசக்திதான்.

டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் இன்னொரு கூத்து. இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றாமலே ஓட்டை போட்டிருக்கிறார்கள், இரும்புத்தூள் உள்ளேதான் விழுந்திருக்கும். அந்த ஓட்டையும் ஆயில் மட்டத்துக்குக் கீழே. ஆயில் தேங்கி டர்போ சீல் வழியாக நீலப் புகை. சம்ப்பை இறக்கி, மட்டத்துக்கு மேலே வெல்ட் வைத்து, அரை அங்குலத்துக்குக் குறையாத குழாயை எங்கும் மேலேறாமல் சரிவாகவே விட வேண்டும்.

காசு கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: இன்ஜெக்டர் என்ன சைஸ், டைமிங்கை எது இழுக்கிறது, காற்று-பெட்ரோல் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் பூஸ்டில் என்ன காட்டியது. அந்த விகிதம் 11.5க்கும் 12க்கும் நடுவில் இருக்க ஓட்டிப் பதிவு செய்த லாக் கையில் வராமல் வண்டியை எடுக்காதீர்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் காட்டிச் சமாளிப்பார்கள். முழு ஆக்ஸிலேட்டரில் அதன் பேச்சைக் கம்ப்யூட்டரே கேட்பதில்லை. டைமிங் செயினின் பிளாஸ்டிக் கைடு முறிந்திருக்கிறதா என்றும் வால்வு கவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கலிபோர்னியா என்றால் ஏர் ரிசோர்சஸ் போர்டு கொடுக்கும் இஓ நம்பரும் (அனுமதி எண்) கிட்டுக்கு இருக்க வேண்டும். இந்தக் கிட்டுக்கு அதுவும் இல்லை. இன்ஜினைச் சரிசெய்தாலும், பானட்டைத் திறந்து பார்த்ததுமே ஸ்மாக் செக்கில் (புகைச் சோதனை) ஃபெயில்தான்.