ஆறு நிற ஐ ஷேடோ பெட்டி: நிறத்தில் குறையில்லை, நிறமிப் பட்டியலில்தான் குறை

பழுப்பு, கருப்பு, பச்சை, நீலம் உட்பட ஆறு நிறங்கள் கொண்ட இந்த ஐ ஷேடோ பெட்டியை இரண்டு மாதங்களாகப் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். தூள் மிக நைசாக இருக்கிறது. விரலால் தொட்டாலே நிறம் எடுப்பாகப் பிடிக்கிறது, மாலை வரை கலைவதில்லை.

முதல் சில வாரங்கள் பழுப்பை மட்டுமே பூசினேன். எந்தத் தொந்தரவும் இல்லை. ஒரு விழாவுக்காகப் பச்சையைப் பூசிய மறுநாள் மாலை மேலிமைகளில் அரிப்பு தொடங்கி, அதற்கடுத்த நாள் காலையில் கண்களை முழுதாகத் திறக்க முடியாத அளவுக்கு வீங்கிவிட்டன. வீக்கம் வடிந்த பின்னும் இமைத்தோல் ஒரு வாரம் செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. இவ்வகை ஒவ்வாமை ஓரிரு நாள் கழித்தே தலைகாட்டும் என்பதால், முந்தைய நாள் போட்ட சோப்பின் மீதுதான் முதலில் சந்தேகப்பட்டேன்.

எந்தப் பொருள் ஒவ்வாமை தருகிறது என்று கண்டறியும் பேட்ச் டெஸ்டைத் தோல் மருத்துவர் செய்தார். முதுகில் ஒட்டிய பட்டைகளை 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார், 96 மணி நேரத்தில் மீண்டும் பார்த்தார். பெட்டியிலிருந்த பச்சைத் தூளை வைத்த இடமும் குரோமியத்தை வைத்த இடமும் மட்டும் சிவந்து தடித்திருந்தன. குரோமிய உப்பில் பதப்படுத்திய தோல் செருப்பு அணிந்தால் பல ஆண்டுகளாக என் பாதம் ஏன் அரித்தது என்பதும் அன்றுதான் விளங்கியது. பச்சை நிறமியான குரோமியம் ஆக்சைடு, அதாவது நிறமிகளுக்கான பன்னாட்டு எண் வரிசையில் சி.ஐ. 77288, தண்ணீரில் கரையாதது. ஆனாலும் அதில் எஞ்சியிருக்கக்கூடிய கரையும் குரோமியம் சிறிதளவு இருந்தாலே, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள இமைத்தோலை உறுத்தப் போதும் என்று மருத்துவர் விளக்கினார்.

என் முதன்மையான குறை அட்டையைப் பற்றியது. 77491, 77492, 77499 ஆகிய இரும்பு ஆக்சைடுகள், நீலத்துக்கான 77007, பச்சைக்கான 77288 என எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்கி, முன்னால் +/- குறி போட்டு, 'இருக்கலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். எந்தக் குழியில் எந்த நிறமி என்பது எங்கும் இல்லை. இரும்பு ஆக்சைடுகளில் மாசாக ஒட்டியிருக்கக்கூடிய நிக்கல் பட்டியலுக்கே வராது. மலிவான உலோகத் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 'ஒவ்வாமை ஏற்படுத்தாதது' என்ற முகப்பு வாசகத்தை நம்பித்தான் வாங்கினேன், அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ.கூட அச்சொல்லுக்குச் சட்டப்படி எந்த வரையறையும் வகுக்கவில்லை என்று பின்னரே அறிந்தேன்.

வாங்கியே தீருவதென்றால், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக முழங்கையின் உட்புறத்தில் தினம் இருமுறை, ஒரு வாரமாவது பூசிப் பாருங்கள். ஒரே ஒரு முறை பூசிப் பார்ப்பது போதாது.

பழுப்பை மட்டும் தொடரலாம் என்று நினைத்திருந்தேன். ஆறு குழிகளுக்கும் ஒரே பிரஷ்தான். பழுப்பின் ஓரத்தில் பச்சைத் தூள் மெல்லிய கோடாகப் படிந்திருப்பதை நேற்று பார்த்துவிட்டு, பெட்டியை மூடி வைத்துவிட்டேன். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண்.