உங்கள் டிஜிட்டல் தடத்தை எங்கே தேடுவது: கூகுளிலா, சஞ்சார் சாத்தியிலா?

இணையத்தில் தம்மைப் பற்றி என்ன இருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் முதலில் கூகுளில் தம் பெயரைத் தேடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பெயர்களுக்கு இந்த வழி அதிகம் கைகொடுக்காது. குடும்பப் பெயர் கிடையாது. முதலெழுத்து சில இடங்களில் முன்னால் வரும், சில இடங்களில் பின்னால் போகும். பள்ளிச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டு, பான் அட்டையில் இன்னொன்று. பெயருக்குப் பதிலாகக் கைபேசி எண்ணை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடிப் பாருங்கள். குடியிருப்போர் சங்கப் பட்டியலோ, எப்போதோ கொடுத்த வரி விளம்பரமோ அகப்படக்கூடும். டிரூகாலரையும் பார்த்துவிடுங்கள். அதை ஒருமுறைகூட நிறுவாதவர்களின் பெயர்களும் அதில் வரும். பட்டியலிலிருந்து எண்ணை நீக்கக் கோரும் வசதியும் உண்டு.

அடுத்தது, ஆஸ்திரேலியரான ட்ராய் ஹன்ட் 2013-இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளம். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் எந்தெந்தத் தரவுக் கசிவுகளில் அது சிக்கியிருக்கிறது என்று நொடிகளில் சொல்லிவிடும். 2020-இல் பிக்பாஸ்கெட்டிலிருந்து கசிந்த சுமார் 2 கோடிப் பேரின் விவரங்கள் இதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வேகத்தில் இதற்கு இணை கிடையாது. ஆனால் இங்கே தேடல் மின்னஞ்சலை வைத்தே நடக்கிறது. நம் ஊரில் மளிகைக் கடை முதல் மருத்துவமனை வரை எல்லா இடத்திலும் கேட்பது கைபேசி எண்ணைத்தான். அந்தத் தடம் இதன் கண்ணுக்குப் பெரும்பாலும் படாது.

நிறுவனங்களிடமிருந்தே நம் தரவைத் தரவிறக்குவது மூன்றாவது வழி. கூகுளின் ‘டேக்அவுட்’ 2011 முதல் இருக்கிறது. தேடியவை, பார்த்த காணொளிகள் என்று எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டித் தரும். அதைப் பிரித்துப் படிக்கப் பொறுமை வேண்டும். ஃபேஸ்புக் அமைப்புகளில், பிற செயலிகளும் தளங்களும் உங்களைப் பற்றி அதற்கு அனுப்பிய தகவல்களின் பட்டியல் இருக்கிறது. நேரம் குறைவென்றால் டேக்அவுட்டை விட்டுவிட்டு இதை மட்டும் பாருங்கள்.

இவை மூன்றும் நீங்கள் பதித்த தடங்களையே பெரிதும் காட்டுகின்றன. உங்கள் பெயரில் இன்னொருவர் பதித்த தடம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. அதைக் காட்டும் கருவிகள் நம் நாட்டிலேயே இலவசமாக இருந்தும் அவற்றைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம்.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஓடிபி கொடுத்து நுழைந்தால் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று தெரியும். ஒருவர் பெயரில் பெரும்பாலான மாநிலங்களில் 9 வரை அனுமதி உண்டு என்பதால், அறியாத சிம் ஒன்று அந்தப் பட்டியலுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். ‘என் எண் அல்ல’ என்று அங்கேயே புகார் செய்யலாம்.

ஆதார் தளம், கடந்த 6 மாதங்களில் உங்கள் ஆதாரை யார், எப்போது, கைரேகையாலா ஓடிபியாலா சரிபார்த்தார்கள் என்று காட்டும். பத்திர ஆவணங்களிலிருந்து கைரேகையை நகலெடுத்து, ஆதார் வழிப் பணப் பரிவர்த்தனையில் வங்கிக் கணக்கைத் துடைத்த மோசடிகள் நாட்டின் பல இடங்களில் நடந்திருக்கின்றன. கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி அதே தளத்தில் இருக்கிறது. வேண்டும்போது திறந்துகொள்ளலாம். ஊரில் தனியாக இருக்கும் பெற்றோருக்கு இதை நீங்களே உடனிருந்து செய்து கொடுங்கள்.

என் தேர்வில் முதலிடம் கடன் அறிக்கைக்கு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. பலர் கடன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கடைசிப் பகுதியில் உள்ள, உங்கள் அறிக்கையை எந்தெந்தக் கடன் நிறுவனங்கள் கேட்டுப் பார்த்தன என்று சொல்லும் விசாரணைப் பட்டியலுக்குப் போங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத கடன் நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், உங்கள் பான் எண்ணை வைத்து வேறு யாரோ கடன் கேட்டிருக்கலாம். உடனே தகராறு பதிவு செய்யுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும்.